அது வேற கயிறு

கொச்சி மட்டாஞ்சேரிக்குக் குடிவந்து ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, துணி வெளுக்கிற அக்காவைப் பொறுத்தவரை எனக்கும் என் கணவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று.

காணாமல் போன ஒரு ரவிக்கையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு ரவிக்கைக்காக அலமாரியிலுள்ள அத்தனை துணியையும் தரையில் இறக்குகிற ஆள் நான். இறக்கியபோதுதான் சலவைக் குறிகளைக் கவனித்தேன். கணவரின் சட்டைக் காலருக்குள் மையால் மூன்று புள்ளி. என் புடவை ஓரத்தில் மூன்று புள்ளி, அடியில் ஒரு கோடு. கோடு என்றால் பெண்பிள்ளைத் துணி போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன். அன்று சாயங்காலம் மாடி வீட்டுக் கொடியிலிருந்து இரண்டு துணி காற்றில் பறந்து எங்கள் முற்றத்தில் விழுந்தன. ஒன்று, ஷைனி மருந்துக்கடை வேலைக்குப் போட்டுப்போகும் வெள்ளைக் கோட்டு. இன்னொன்று பிந்துவின் சுடிதார். மாடியில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான், நாங்கள் வருவதற்கு ஆறு வருஷம் முன்பிருந்தே. இரண்டு துணியிலும் ஒரே குறி: ஒரு வட்டம், அதற்கொரு வால்.

சனிக்கிழமை அக்கா வந்ததும் கேட்டேன். "என்னக்கா, எங்களுக்கு மட்டும் ரெண்டு குறி போட்டிருக்கீங்க?"

ஸ்கூட்டரிலிருந்து இறங்காமலே சொன்னார். "ஒரு வீட்டுக்கு ஒரு குறி, மோளே."

"நாங்களும் ஒரு வீடுதானே?"

"அது எனக்கெப்படி அறியும்?"

"அக்கா, நாங்க கல்யாணம் ஆனவங்க. கோயில்ல தாலி கட்டி, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு, ரெண்டு சர்டிபிகேட்டும் பைல்ல இருக்கு."

"சரி. சாமிக்கும் அறியும், சர்க்காருக்கும் அறியும். துணிக்கு இன்னும் அறியலையே."

அவருடைய முறை அப்படி. யாரையும் எதுவும் கேட்க மாட்டார். மூட்டை எப்படிக் கட்டி வருகிறது என்று மட்டும் பார்ப்பார். என் மூட்டையில் கணவரின் ஆபீஸ் சட்டைகள் ஒரு துண்டில், என் புடவைகள் இன்னொரு துண்டில், குழந்தையின் துணிகள் தலையணை உறையில், மேலே எண்ணிக்கை எழுதிய சீட்டு. அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது. "லாட்ஜ் துணி இப்படித்தான் வரும். ரூம் ரூமா," என்றார் அக்கா. மாடி வீட்டு மூட்டை ஒரு பழைய படுக்கை விரிப்பில் வரும். கோட்டின் கை நைட்டிக்குள் நுழைந்திருக்கும், பாவாடை நாடா எதையோ சுற்றியிருக்கும், ஒற்றைக் காலுறை மேலே உட்கார்ந்திருக்கும். பிரித்துக் கட்டவேண்டும் என்று தோன்றாதவர்கள் எவர்களோ அவர்கள் ஒரு வீடு. அண்ணன் தம்பி சேர்ந்திருந்தும் நான்கு குறி வாங்கிய வீடுகள் உண்டாம். புருஷன் பெண்டாட்டி பிரியப்போவது வக்கீலுக்கு முன்னால் தனக்குத் தெரிந்துவிடும் என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இருக்காது.

எனக்கு அது ஒரு வாரம் உறுத்தியது. கணவரிடம் சொன்னேன். வெலிங்டன் தீவில் கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை பார்ப்பவர், எதையும் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தே நம்புவார். "அந்தம்மா என்ன சப் ரிஜிஸ்ட்ராரா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நான் அடுத்த சனிக்கிழமை எல்லாத் துணியையும் ஒன்றாகப் போட்டுக் கட்டினேன். அக்கா முடிச்சை அவிழ்த்து, ஒரு கணம் பார்த்து, சிரித்துவிட்டார்.

"மடிச்சுக் கலந்திருக்கே மோளே. பரீட்சைக்கு எழுதின மாதிரி இருக்கு."

இரண்டு மாதம் கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் வீட்டில் எது எங்கே கிடந்தது என்று எனக்கு நினைவில்லை. சனிக்கிழமை வாசலில் ஹாரன் அடித்ததும் கையில் கிடைத்ததை எல்லாம் ஒரு போர்வையில் அள்ளிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது என் புடவையில் இருந்த கோடு அழிந்திருந்தது. மூன்று புள்ளி மட்டும். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் பைலில் இருக்கும் இரண்டு சர்டிபிகேட்டும் தராத ஏதோ ஒன்று அதில் இருந்ததாக எனக்குப் பட்டது. சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை.

அவருக்குப் பெயர் இருந்தது. எழுதப் போவதில்லை. எழுதினால், "என் பேரை எந்தக் கயித்துல கொண்டுபோய்ப் போட்டே?" என்றுதான் கேட்பார். நான்கு தலைமுறைக்கு முன்பு தமிழ்நாட்டிலிருந்து வந்து கொச்சியில் வெளுத்துவரும் குடும்பம். தமிழ்தான் பேசுவார், ஆனால் பாதி வாக்கியத்தில் மலையாளம் ஏறிக்கொள்ளும். ஐம்பது வயதிருக்கும். நைட்டிக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, ஒரு காதில் மட்டும் இயர்போன். அந்தக் காதில் எந்நேரமும் ஏதாவது டி.வி. விவாதம் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்கூட்டரில் போகும்போது திடீரென்று, "நிறுத்துடா, பொய் சொல்றே!" என்று கத்துவார். சாலையில் போகிறவர்கள் பிரேக் போட்டுவிடுவார்கள்.

சலவைக் கூடத்துக்கு நான் முதன்முதலாகப் போனது குழந்தையின் துணி எங்கே, எந்த நீரில் துவைக்கப்படுகிறது என்று பார்ப்பதற்கு. ஒரு பட்டியலே எழுதிக்கொண்டு போயிருந்தேன். அடுத்தவர் துணியோடு சேருமா, கொதிநீரா, சோப்பு என்ன என்றெல்லாம். அக்கா பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, "குழந்தை பீயும் கலெக்டர் பீயும் வெள்ளாவியில ஒரே சூடுதான் மோளே. எதுக்குப் பயம்?" என்றார். பிறகு கொடிகளைக் காட்டினார். முறுக்கிய கயிற்று இடுக்குகளில் துணி முனையைச் சொருகிவிட்டால் கிளிப் வேண்டாம். அவருக்கு நான்கு கயிறு. ஒன்று கோயில்: திரைச்சீலை, பூசாரி வேட்டி. ஒன்று பள்ளி. இங்கே சர்ச்சும் மசூதியும் பள்ளிதான், அதனால் பாதிரியார் அங்கியும் மதரசா விரிப்பும் ஒரே கயிற்றில் ஆடும். ஒன்று சர்க்கார்: விருந்தினர் மாளிகைப் படுக்கை விரிப்புகள். ஒன்று வீடு. இடம் எவ்வளவு காலியாக இருந்தாலும் ஒரு கயிற்றுத் துணி இன்னொரு கயிற்றுக்குப் போகாது. ஒரு மழைநாளில் சர்க்கார் கயிறு வெறுமனே கிடக்க, கோயில் கயிற்றில் துணி ஒன்றின்மேல் ஒன்றாக நனைந்துகொண்டிருந்தது. "அதுல போடலாமேக்கா," என்றேன். "அது வேற கயிறு," என்றார். விளக்கம் அவ்வளவுதான்.

விளக்கத்தை வேறொரு நாள் அவராகவே சொன்னார். கல்யாணமான புதிதில் விருந்தினர் மாளிகை விரிப்பும் அம்மன் கோயில் சிவப்புத் துணியும் ஒரே தொட்டியில் விழுந்துவிட்டன. விரிப்பு எல்லாம் ரோஸ் நிறம். எடுத்துக்கொண்டு போய் நின்றால் ஆபீசர் கேட்ட முதல் கேள்வி: "இது கட்சி வேலையா, கோயில் வேலையா?" சிவப்பு இங்கே ஒரு கட்சியின் நிறம், அன்று மாளிகையில் தங்க வந்தவர் அதற்கு எதிர்க்கட்சிக்காரர். அவர் அந்த விரிப்பில் படுக்க மாட்டேன் என்றுவிட்டார். துணி வெளிறிப்போய்விட்டது என்று கோயில்காரர்களும் திட்டினார்கள். "ரெண்டையும் ஒண்ணாப் போட்டா ரெண்டும் கெடும். இதை நான் சாயத்துல படிச்சேன். இந்த டி.வி. ஆளுங்க எல்லாம் எம்.ஏ. படிச்சும் படிக்கல," என்றார்.

இதனால் அவருக்கு சாமி நம்பிக்கை குறைவு என்று நினைத்துவிடக்கூடாது. சலவைக் கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அம்மன் கோயில் இருந்தது. வெள்ளாவிக்குத் தீ மூட்டுமுன் அங்கே போய்க் கற்பூரம் ஏற்றாமல் அவர் ஒரு வேலையும் தொடமாட்டார். அந்நேரம் இயர்போனைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார். "விவாதம் அம்மனுக்குக் கேக்கவேண்டாம். பாவம், அவளுக்கு வேற வேலை இருக்கு."

இரண்டு ஆண் அல்லது இரண்டு பெண் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று தில்லியில் வழக்கு நடந்து, அதைத் தீர்மானிக்கவேண்டியது பாராளுமன்றம்தான் என்று கோர்ட்டு சொன்ன நாளில் அக்கா எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். போனைச் சத்தமாக வைத்திருந்தார். ஒரு சாமியார், ஒரு பாதிரியார், ஒரு மௌலவி. மூன்று பேரும் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் தலையாட்டினார்கள். அவர்கள் ஒத்துப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"பாத்தியா," என்றார் அக்கா. "கோயில் மதில் ஒரு முழம் தள்ளிப்போனா வெட்டுக்குத்து. அடுத்தவன் கல்யாணம்னா மூணு பேரும் ஒரே சட்டி."

"அவங்க நம்பிக்கையைச் சொல்றாங்கக்கா."

"சொல்லட்டும். அவங்கவங்க பள்ளியில சொல்லட்டும். கோர்ட்டுக் காரியத்துக்கு இவங்களை யாரு கூப்பிட்டா? வெள்ளாவி வைக்க நான் பாதிரியாரைக் கூப்பிடுறேனா?"

"உங்களுக்கு என்ன தோணுது? அது சரியா, தப்பா?"

சாயா கிளாஸைக் கீழே வைத்தார். "எந்தக் கயித்துல நின்னு கேக்கறே?" என்றார். ஷைனி அப்போதுதான் வேலை முடிந்து படியேறிப் போனாள். எங்கள் இருவரையும் பார்த்து எப்போதும் போலச் சிரித்தாள். நான் அவசரமாகப் போனின் சத்தத்தைக் குறைத்தேன். குறைத்தது மரியாதையா, கோழைத்தனமா என்று அன்றிரவு படுக்கையில் யோசித்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் நான் செய்த காரியத்தைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

பிந்துவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. துணிக்கடை வேலையில் நிற்கமுடியாமல் விட்டுவிட்டாள். சீக்கிரம் ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசு காப்பீட்டில் செய்யலாம், ஆனால் அதற்கு ரேஷன் கார்டில் பெயர் வேண்டும். இடக்கொச்சியில் இருக்கும் அவள் வீட்டார், அவள் ஷைனியோடு வந்த வருஷமே கார்டிலிருந்து பெயரை வெட்டிவிட்டிருந்தார்கள். ஷைனிக்குத் தனிக் கார்டு உண்டு. இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்களை ரேஷன் கார்டுக்கு ஒரே வீடாக எடுத்துக்கொள்ளலாம் என்று தில்லியிலிருந்து ஒரு கடிதம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பிந்துவைத் தன் கார்டில் சேர்க்க ஷைனி விண்ணப்பம் போட்டாள். இதில் ஒரு வார்த்தைகூட எனக்கு அப்போது தெரியாது.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, குழந்தை இடுப்பில், பால் அடுப்பில். வாசலில் பைலோடு ஒருவர். ரேஷன் கார்டு ஆபீஸ் இன்ஸ்பெக்டர் என்றார். மலையாளத்தில் கேட்டார், மாடியில் இருக்கும் இரண்டு பெண்களும் ஒரே குடும்பமா என்று.

சர்க்கார் ஆள் பைலோடு வந்து அப்படிக் கேட்டால் பிடித்துக்கொண்டு போகத்தான் என்று எனக்குப் பட்டது. அவர்களைக் காப்பாற்றியாக வேண்டும். "அறியில்ல சார்," என்றேன். "கூட்டுகாரிகள், சிநேகிதிங்கன்னு தோணுது. தனித்தனியாத்தான் சமைக்கறாங்க போல." கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். அவர் எழுதிக்கொண்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். முழுதும் அவர்களுக்காகத்தான் சொன்னேன் என்று எழுதினால் அதுவும் பொய். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் சமயம், எதிலும் தலையிடாதே என்று கணவர் சொல்லியிருந்தார். பாதிப் பயம் எனக்காக.

சனிக்கிழமை அக்காவிடம் பெருமையாகவே சொன்னேன். "நான் காட்டிக்கொடுக்கலைக்கா."

அக்கா இயர்போனைக் கழற்றினார். "எந்தா சொன்னே?"

திரும்பவும் சொன்னேன்.

"என்டே பொன்னு மோளே," என்று தலையில் கைவைத்துக்கொண்டார். "அவன் பிடிக்க வந்தவனில்ல. இவங்க கூப்பிட்டு வந்தவன். ஒரே வீடுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பிந்துவுக்கு ஆபரேஷன். தனித்தனிச் சமையல்னு எழுதிக் கொடுத்திருக்கியே. அவங்க வீட்டுல இருக்கறது ஒரே ஒரு குக்கர், அதுக்கும் விசில் போயிருச்சு!"

மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிந்து கட்டிலில் படுத்திருந்தாள். "சாரமில்ல, பரவாயில்ல," என்றாள். ஷைனி என்னைப் பார்க்காமலே மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் தள்ளுபடி ஆகப்போகிறது என்று ஆபீஸிலிருந்து சொல்லிவிட்டார்களாம்.

திங்கட்கிழமை அக்கா ஸ்கூட்டரில் வந்து, "ஏறு," என்றார். முன்னால் மாடி வீட்டு மூட்டை, பின்னால் குழந்தையோடு நான். எந்த ஆபீஸ் என்று எழுதவில்லை. அந்த இன்ஸ்பெக்டர் மோசமான மனிதர் இல்லை. அவர் மேஜைக்கு மேலே சுவரில் கிருஷ்ணரும் ஏசுவும் மக்காவும் ஒரே சட்டத்துக்குள் இருந்தார்கள், சுற்றி சீரியல் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. ஷைனி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.

"நான் என்ன செய்ய முடியும்?" என்றார் அவர். "கீழ் வீட்டுக்காரங்க தெரியாதுன்னு மொழி கொடுத்து, வாக்குமூலத்துல கையெழுத்தும் போட்டாச்சு. கல்யாண சர்டிபிகேட் கிடையாது. ஒண்ணு செய்யுங்க, கோயிலிலிருந்தோ பள்ளியிலிருந்தோ ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. எல்லாரும் அப்படித்தான் கொண்டுவராங்க."

ஷைனி சொன்னாள், "சார், எங்க சர்ச் அச்சன் என்னைக் கண்டா பிரசங்கத்தையே மாத்திருவார். லெட்டர் எங்கே தருவார்?"

அக்கா முன்னால் வந்தார். "சார், அரிசி பாதிரியார் தராரா, சர்க்கார் தருதா?"

"சர்க்கார்."

"ஆபரேஷன் கோயில்லயா, ஆஸ்பத்திரியிலயா?"

"சேச்சி, அதில்ல விஷயம்."

"அதுதான் விஷயம். தரது சர்க்கார்னா கேள்வியையும் சர்க்காரே கேக்கட்டும். தில்லிக் கடுதாசியில கோயில் லெட்டர்னு எழுதியிருக்கா? காமிங்க, நான் போறேன்."

அவர் பைலைப் புரட்டினார். எழுதியிருக்கவில்லை போலும். "ஒரே வீடுன்னு தெளிவு வேணுமே," என்று குரலைத் தாழ்த்தினார்.

அக்கா மூட்டையைத் தூக்கி மேஜைமேல் வைக்கப் போனார். பிறகு நிறுத்தி, சுவரைப் பார்த்தார். "சார், ஒண்ணு அந்தப் படத்தை இறக்குங்க, இல்லன்னா வேற ஒரு மேஜையைக் காட்டுங்க. அழுக்குத் துணியையும் சாமியையும் நான் ஒரு இடத்துல வைக்கறதில்ல."

ஆபீஸே சிரித்தது. ஒரு கிளார்க் தன் மேஜையைக் காலி செய்து கொடுத்தார். அக்கா அங்கே முடிச்சை அவிழ்த்தார். கோட்டின் கைக்குள் நைட்டி, பாவாடையோடு முறுக்கிக்கொண்ட துண்டு, உள்ளாடைகள். இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். "இங்கே பாருங்க சார், வெக்கப்பட ஒண்ணுமில்ல, உங்க வீட்டிலும் இதெல்லாம் உண்டு. ஒன்பது வருஷமா நான் வெளுக்கறேன். ஒரு தடவை பிரிச்சுக் கட்டி வந்ததில்ல. ஒரு குறி." பிறகு அடியிலிருந்து அந்தப் படுக்கை விரிப்பை எடுத்து விரித்தார். நடுவில் பழுப்பாக ஒரு பெரிய கறை. "இது பிந்துவோட ரத்தம். மூணு தடவை வெளுத்தும் போகல. போகாது, ஏன்னா ஒவ்வொரு வாரமும் புதுசா வருது. இதே விரிப்புல அந்தப் பக்கம் படுத்திருக்கறது இவ. இனி என்ன தெளிவு வேணும்?"

யாரும் சிரிக்கவில்லை. சீரியல் பல்பு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. ஷைனி விரிப்பை மெதுவாக மடித்து மூட்டைக்குள் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "மொழியை மாத்தணும்னா கொடுத்த ஆள்தான் மாத்தணும். அன்னிக்கு அறியில்லன்னு சொன்னீங்க?"

"அன்னிக்குப் பயந்துட்டேன் சார்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் பயமாத்தான் இருக்கு," என்றேன். "ஆனா ஒரே வீடுதான். எனக்குத் தெரிஞ்சு மூணு வருஷமா. தனிச் சமையல்னு சொன்னது நானாச் சேர்த்தது." குழந்தை பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். கையெழுத்துக் கோணலாக விழுந்தது. கணவரைக் கேட்காமல் ஒரு காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவர் திட்டவில்லை. நகல் வாங்கினாயா என்று மட்டும் கேட்டார்.

கார்டு வந்தது. குடும்பத் தலைவி ஷைனி. பிந்துவுக்கு நேரே, உறவுமுறைக் கட்டத்தில், "மற்றவர்." அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "மற்றவரா? பார்த்தா நானும் மற்றவர்தான், இந்த இன்ஸ்பெக்டரும் மற்றவர்தான்!" பிந்து அந்த வாரத்தில் முதல் தடவையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போதும் சேச்சி, எனக்கு அது போதும்," என்றாள். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது.

இங்கே நிறுத்தியிருந்தால் அக்கா எனக்குத் தெய்வமாகியிருப்பார்.

சனிக்கிழமை துணி வாங்க வந்தவரிடம் பிந்து படியிறங்கி வந்து ஒன்று கேட்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் சலவைக் கூடத்து அம்மன் கோயிலில் தங்கள் இரண்டு பேர் பெயரிலும் சேர்த்து அக்கா ஒரு அர்ச்சனை செய்யவேண்டும். தன் அம்மா செய்யமாட்டாள், அக்கா செய்தால் தைரியமாக இருக்கும்.

அக்கா முடிச்சை இறுக்கிக்கொண்டே, "அது எனக்கு முடியாது மோளே," என்றார்.

"என்ன சேச்சி?"

"உன் பேருக்குச் செய்யறேன். உன் உடம்புக்காக நூத்தியெட்டு வேணும்னாலும் சுத்தறேன். ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு குடும்பமா வெச்சு அம்மன்கிட்ட சொல்ல எனக்கு முடியாது. சர்க்கார்கிட்ட பேசினது வேற. இது வேற கயிறு."

பிந்து கேட்டாள், "சேச்சிக்கு நாங்க தப்புன்னு தோணுதா?"

"எனக்கறியாது. அம்மனுக்கு என்ன தோணும்னும் அறியாது. அறியாததைப் போய் எப்படிச் சொல்ல?"

பிந்து கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள். எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு பேர் முன்னால் அவளுடைய ரத்தத்தை விரித்துக் காட்டியவருக்கு, ஒரு சீட்டில் இரண்டு பெயர் சொல்ல வரவில்லை. "நீங்க செய்யறது சரியில்லைக்கா," என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். "சரியில்லாம இருக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இடத்தில் அவரை நான் இன்றுவரை மன்னித்தேனா என்று தெரியவில்லை. அவரிடம் இருந்த நேர்மையும் அதே இடத்தில்தான் இருந்தது என்பதால் தனியாகப் பிரித்து எடுக்கவும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானே அம்மன் கோயிலுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் இது என் வேலையா, பிந்துவிடம் கேட்டிருக்க வேண்டாமா, ஷைனி சர்ச்சுக்காரி ஆயிற்றே என்று மூன்று முறை திரும்பிவிடப் பார்த்தேன். கோயிலுக்குள் அக்கா விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

பூசாரி தேங்காயை வாங்கிக்கொண்டு கேட்டார், "தனிப் பேருக்கா, குடும்பத்துக்கா?"

"குடும்பத்துக்கு," என்றேன்.

"பேர், நட்சத்திரம்?"

"பிந்து. அனுஷம்." அதை அவளே எப்போதோ சொல்லியிருந்தாள்.

"அடுத்து?"

"ஷைனி."

"நட்சத்திரம்?"

ஷைனிக்கு ஏது நட்சத்திரம்? ஞானஸ்நானப் பெயர் இருக்கும், நட்சத்திரம் இருக்காது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் விளக்கையே பார்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார், கை மட்டும் நின்றிருந்தது. தெரியாது என்று சொன்னால் பூசாரி அவளை விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்.

"பூரட்டாதி," என்றேன்.

பூசாரி உறவு என்ன என்று கேட்கவில்லை. அவரிடம் அதற்குக் கட்டமே இல்லை. பிந்து அனுஷம், ஷைனி பூரட்டாதி என்று நீட்டி முழக்கி, சகுடும்பமாக என்று சேர்த்து, மணியடித்து, குங்குமத்தைக் கையில் போட்டார். குழந்தை பாதியைத் தின்னப் பார்த்தாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வெளியே வந்தார். கை முழுதும் புளிச்சாறு.

"ஷைனிக்கு ஏது மோளே பூரட்டாதி? அது உன்னோடது. குழந்தை பிறந்தநாளுக்கு நீ சீட்டெழுதும்போது நான் கேட்டிருக்கேன்."

"ஆமாக்கா."

"அம்மன்கிட்ட பொய்."

"ஆமா."

"சர்க்கார்கிட்ட நீ சொன்ன பொய்யை நான் மூட்டையைச் சுமந்து வந்து மாத்திக் கொடுத்தேன். இதுக்கு நான் வரமாட்டேன், கேட்டியா."

"வேண்டாம்க்கா," என்றேன். "இது அப்படியே இருக்கட்டும்."